நாற்பது வினாடி

ஏ-நாற்பதில், எஸ்ஸனுக்கும் போகுமுக்கும் நடுவில்,
இரண்டு நிரைக் கார்கள். ஒன்றும் அசையவில்லை.
மழை என்று சொல்ல முடியாத ஒரு தூறல்.
இறுதியாட்டம் தொடங்கி இருபது நிமிடம்.
ரூர் முழுதும் ஒரே பந்தைப் பார்க்கிறது,
பாதிப்பேர் எங்கள் கம்பி வழியாக.

டோர்ட்முண்டிலிருந்து டில்மன் அழைக்கிறான்:
பக்கத்து ரவுட்டர் செத்துப்போச்சு.
கொஞ்சம் பொறுத்து, இல்லை, உயிரோட இருக்கு.
பிறகு, திரும்பச் செத்திட்டுது.

எனக்கு விளங்கிவிட்டது. அது சாகவில்லை.
பத்து வினாடிக்கொருதரம்
நூறு பைட்டும் வராத ஒரு சொல் அனுப்புகிறது:
இருக்கிறேன்.
பந்தும் புல்லும் விளம்பரப் பலகையும்
வாசலை அடைத்துக்கொண்டு வர
அந்தச் சொல் வரிசையின் கடைசியில் நின்று
வெளியே கொட்டுண்டு போகிறது.
நாற்பது வினாடி பார்ப்பார்கள்.
அதற்குள் ஒரு சொல்லும் வராவிட்டால்
அயலவன் இறந்தான் என்று ஊருக்கெல்லாம் அறிவித்தல்.
பாதைகளைப் பிடுங்கி
ஹாகன் பக்கத்து ஒல்லிக் கம்பியில் திணிப்பார்கள்.
அதற்கு மூச்சு முட்டும். இங்கே நெரிசல் விடும்.
விட்டதும் செத்தவன் வணக்கம் சொல்வான்.
ஒப்பாரி முடியமுன்
பிணம் எழும்பித் தேத்தண்ணி கேட்கிற கதை.

முப்பது வீதம்தானே ஓடுது, முன்னுரிமை வரிசை எதற்கு
என்று போன மார்ச்சில் கேட்ட கெஸெபோம் அம்மையார்
இப்போது மைதானத்தில்.
கைபேசி எடுக்கவில்லை.

பின்னால் நீல வெளிச்சம்.
இடது நிரை இடப்பக்கம் சரிய
வலது நிரை வலப்பக்கம் சரிய
ஒரு போலந்து லொறி
இரண்டு சில்லைப் புல்லில் இறக்க
நடுவில் திறந்தது ஒரு வெறும் தெரு.
யாரும் யாரையும் கேட்கவில்லை.
ஆம்புலன்ஸ் போனது.
அதன் வாலைப் பிடித்து ஒரு கறுப்பு பிஎம்டபிள்யூவும் போனது.

உவமையாக்காதே என்று எனக்கே சொன்னேன்.
ஆம்புலன்ஸ் எதையோ சுமக்கிறது.
அந்தப் பொட்டலம் ஒன்றையும் சுமக்கவில்லை.
வந்து சேர்ந்ததுதான் அதன் செய்தி.

இரண்டாயிரத்து ஒன்பது ஆனியில்
ஹம் நகரில் வைத்துச் சித்தப்பாவுக்கு அந்தியேட்டி செய்தோம்.
ஆவணியில் முகாமிலிருந்து ஓர் அழைப்பு.
பதினொரு வினாடி.
நான் இருக்கிறன். பின்னால ஆக்கள் நிக்கினம்.
அவ்வளவுதான்.
அப்பா மாலை போட்ட படத்தைக் கழற்றி
என்ன செய்வதென்று தெரியாமல்
குசினி மேசையில் குப்புற வைத்தார்.

மடிக்கணினி மடியில்தான் இருக்கிறது,
ஆனால் என் கைபேசி இணைப்பும் பந்து பார்க்கிறது.
ஆகவே வாயால் சொல்கிறேன், டில்மன் தட்டுகிறான்.
வகுப்பு ஆறுக்குத் தனி வரிசை.
ஐந்து வீதம். ஐந்தே போதும், பத்துக் கொடுக்காதே.
முதலில் அதை எடு, பிறகு மிச்சம்.
வாடிக்கையாளர் பக்கமிருந்து
தனக்குத் தானே ஆறு என்று குத்திக்கொண்டு வருகிற எதையும்
எல்லையிலேயே அழித்துப் பூச்சியமாக்கு.
யாரை நினைத்துச் சொல்கிறாய், என்றான்.
ஒரு பிஎம்டபிள்யூ, என்றேன்.

பிறகு இருவரும் பேசவில்லை.
பத்து.
இருபது.
வைப்பர் ஒருதரம் போய் வந்தது.
முப்பது.
பக்கத்துக் காரில் திடீரென்று கோல், ஒரு பெரிய கத்தல்.
நாலு கார் தள்ளி, எட்டு வினாடி பிந்தி,
அதே கோல், அதே கத்தல்.
நாற்பது. நாற்பத்தொன்று.

இருக்கு, என்றான் டில்மன்.

இன்னும் அசையவில்லை சாலை.
எங்கோ கெல்ஸென்கிர்ஷனில், ஒரு மூன்றாம் மாடியில்,
யாரோ ஒருவருக்கு
வலைக்குள் போகிற பந்து
ஒரு கணம் சதுரமாகியிருக்கும்.